கார்டு போட்டுக் கொடுப்பவர்

பணி ஓய்வு விழாவில் என்னை "கார்டு போட்டுக் கொடுப்பவர்" என்று அறிமுகம் செய்தார்கள். கார்டை பிரிண்டர் போடும். மருத்துவமனையில் எந்தக் கதவு யாருக்கு, எந்த நேரத்தில் திறக்கலாம், சர்வரில் எதை யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்று பிரித்து வைத்ததுதான் என் உத்தியோகம்.

ஒருவருடைய வேலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு அனுமதிதான் தர வேண்டும் என்று கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் சால்ட்ஸரும் ஷ்ரோடரும் 1975-லேயே எழுதிவிட்டார்கள். தருவதில் சிரமமில்லை. பார்மசிக்காரர் பில்லிங்குக்கு மாறினால், புது அனுமதி கேட்டு போன் மேல் போன் வரும். பழையதை எடுங்கள் என்று ஒருவரும் கூப்பிட்டதில்லை. அடுத்து அவர் ஸ்டோர்ஸுக்குப் போவார். கடைசியில் மருந்தை ஸ்டாக்கில் கழிக்கவும், அதன் பில்லை ரத்து செய்யவும், கணக்கைச் சரிபார்க்கவும் ஒரே ஆளால் முடியும். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், ஒரு பெட்டி காணாமல் போனால் முதல் சந்தேகம் அவர்மேல்தான் விழும்.

எனக்குத் தொழில் கற்றுத் தந்த சீஃப், மாறுதல் ஆர்டர் வந்ததும் எல்லா அனுமதியையும் எடுத்துவிட்டு, புதிய பொறுப்புக்கு உரியதை மட்டும் முதலிலிருந்து போடச் சொல்வார். காலாண்டுதோறும் பட்டியலை அச்சடித்து, துறைத் தலைவர் முன்னால் நின்று பெயர் பெயராக டிக் வாங்குவார். "எல்லாருக்கும் இருந்துட்டுப் போகட்டுமே" என்பார் டாக்டர். "கையெழுத்துப் போட்டுக் கொடுங்க சார், இருக்கட்டும்" என்பார் இவர். பேனா அங்கேயே நின்றுவிடும்.

கதவுகளிலும் அதே கவனம். கரண்ட் போனால் வார்டு வாசலின் மேக்னட் பூட்டு தானே விட வேண்டும். மருந்துக் கிடங்கு வெளியிலிருந்து பூட்டியே இருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் கைப்பிடியைத் திருப்பினால் மட்டும் திறக்க வேண்டும்.

இப்போது ஒரு ஃபைல் திறக்கவில்லையென்றால் பையன்கள் உடனே 777 என்று எல்லாருக்கும் எல்லா அனுமதியும் போட்டுவிடுகிறார்கள். எந்த குரூப்பில் சேர்க்க வேண்டும் என்று பார்க்கப் பொறுமையில்லை. நைட் டூட்டிக்குப் பொது லாகின், பாஸ்வேர்டு மானிட்டரில் ஒட்டியிருக்கிறது. மருந்தின் அளவை மாற்றியது யார் என்று லாகைப் பார்த்தால் வார்டின் பெயர்தான் இருக்கிறது. எளிதில் நகலெடுக்கக்கூடிய பழைய 125 கிலோஹெர்ட்ஸ் கார்டையே மலிவென்று வாங்குகிறார்கள்.

என் நாற்காலிக்கு வருபவர் முதலில் ஒன்றை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்: ஒவ்வொரு மாறுதல் ஆர்டரின் நகலும் எச்.ஆரிலிருந்து அன்றைக்கே அவர் மேசைக்கு வர வேண்டும்.