துறை வேண்டாத கலங்கள்

இராயபுரத்தில் பேருந்தேறி எண்ணூர் நோக்கிக் கடலோரமாகச் செல்லும் பிரயாணி, துறைமுகத்தின் ராட்சதக் கிரேன்களையும் சாலையை அடைத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளையும் கண்டு, பெரிய யந்திரங்களின் சௌகரியத்துக்காகவே பூமி சமன் செய்யப்பட்டதோ என்று மயங்குவது இயல்பு. எனக்கோ அவ்வழியில் நினைவுக்கு வருவது, பூமியிடம் மிகச் சொற்பமே யாசித்த ஒரு சிறு விமானம்.

1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் ஏற்றி ஓட்டிவந்த ‘புஸ் மாத்’ விமானந்தான் அது. அங்கிருந்து விமானி நெவில் வின்சென்ட் பெல்லாரி மார்க்கமாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டுவந்து சேர்த்தார். பம்பாயில் டாட்டா இறங்கிய ஜூஹு மைதானம் தார் கண்டதன்று. மழைக்காலத்தில் நீரில் அமிழும் சேற்றுநிலமாதலால், அம்மாதங்களில் தபால் விமானம் புனேயில் தஞ்சம் புகவேண்டியிருந்தது. இத்தகைய நிலத்துக்கென்றே பிறந்தது போன்ற அமைப்பு அவ்விமானத்துக்கு: இறக்கை விமானியின் தலைக்கு மேலிருப்பதால் புதரும் கல்லும் அதைத் தீண்டா, வாலடியில் சறுக்குக்கட்டை, இறங்குகையில் சக்கரக் கால்களின் உறையைக் குறுக்கே திருப்பிக் காற்றையே தடையாக்கிக்கொள்ளலாம், இறங்கியபின் இறக்கைகளைப் பின்னே மடித்துக் கொட்டகையில் அடைத்துவிடலாம். அலாஸ்காவின் ஆற்றுமணலில் இன்று பருத்த சக்கரங்களோடு இறங்கும் சிறு விமானங்களும் இந்த ஜாதியைச் சேர்ந்தவையே.

செப்பனிட்ட தளமின்றி இறங்குவது சென்னைக் கரைக்கு நூதன வித்தையுமன்று. துறைமுகம் தோன்றுமுன், கப்பல்கள் தூரத்தே நங்கூரமிட்டு நிற்க, மனிதரையும் சரக்கையும் அலை கடத்திக் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். ஆணியின்றிக் கயிற்றால் தைத்த அவற்றின் பலகைகள், மணலில் மோதும்போது பிளவுபடாமல் நெகிழ்ந்து கொடுத்தன. கரடுமுரடான தரையில் இறங்கும் விமானி தன் சக்கரத்தில் காற்றைக் குறைத்துக்கொள்வதும் அந்த நெகிழ்ச்சியை வேண்டித்தான். அப்படகுகளைத் தைத்த தச்சர்களுக்கு நம் எஞ்சினியர்கள் ஒரு வந்தனம் செலுத்தினால் தவறில்லை.

திருவொற்றியூரில் இறங்கிக் கரைக்கு நடந்தேன். தெற்கிலிருந்து வடக்கே பெயரும் மணலைத் துறைமுகச் சுவர்கள் மறித்துக்கொண்டதால் மெரினா அகன்றது, வடகரை தேய்ந்தது. தேய்ந்த கரையைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். கடலுள் நீட்டிய கல்வரிசைகளுக்கிடையே மணல் சற்றுத் திரும்பியிருந்த இடத்தில் மட்டும் ஃபைபர் படகுகள் சில ஏற்றப்பட்டிருந்தன. கல்மேல் அமர்ந்து வலையைச் சீர்செய்துகொண்டிருந்த முதியவரிடம் அவற்றில் அவர் படகு எது என்று வினவினேன்.

“என்துது காசிமேடு ஹார்பர்ல கட்டிக்கீது சார். இங்க எடம் புடிக்கணும்னா விடிகாலைலயே வரணும்” என்றார்.