கயிற்றின் மறுமுனை

மகளோடு கம்போடியாவுக்குப் புறப்பட்டபோது அவளுக்கு இருபத்தெட்டு வயது, எனக்கு அறுபது. டிக்கெட், விசா, சியம் ரீப்பில் தங்குமிடம் எல்லாம் அவள் பொறுப்பு. எதைக் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான்: "எனக்கு என்னம்மா, உன் இஷ்டம்." பிள்ளைக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்ற நினைப்பு. அதைப் பாசம் என்றே நம்பியிருந்தேன்.

அங்கோர் கோயில்களுக்கு மூன்று நாள் அனுமதிச்சீட்டு 62 டாலர். அங்கேயே நம்மைப் படமெடுத்து அதில் அச்சிட்டுத் தருகிறார்கள். முதல் நாள் பேயோனில், கோபுரமெங்கும் புன்னகைக்கும் கல்முகங்களைப் பார்த்தோம். பிறகு டுக்டுக்கில் தா ப்ரோம். ஏழாம் ஜெயவர்மன் 1186இல் தன் தாய்க்காக எழுப்பிய கோயில். கூரைமேல் முளைத்த பெருமரங்களின் வேர்கள் தரைவரை வழிந்து சுவர்களைக் கவ்வியிருக்கின்றன. வேரைக் கல் தாங்குகிறதா, கல்லை வேர் தாங்குகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பெயர்ந்து கிடந்த கற்களில் ஏறி இறங்கியதில் மதியத்துக்குள் வலது முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. "முடியுதாம்மா?" என்று அவள் கேட்டபோதெல்லாம் தலையாட்டினேன்.

இரவு, அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்துத் தைலம் தேய்த்தேன். வாசனை காட்டிக்கொடுத்துவிட்டது. எழுந்து உட்கார்ந்தவள் கோபப்படவில்லை; கண் கலங்கினாள்.

"வலிக்குதுன்னு சொல்லியிருந்தா மத்தியானமே ரூமுக்கு வந்திருப்போம். பசிக்குதா, பிடிச்சிருக்கா, வலிக்குதா, எல்லாத்தையும் உன் முகத்தைப் பார்த்து நானே கண்டுபிடிக்கணும். தப்பாப் போனா அது என் தப்பு. இதுதான்மா எனக்குக் கஷ்டமா இருக்கு."

வெகுநேரம் தூக்கம் வரவில்லை. என் அம்மாவும் இப்படித்தான். அவளுக்குப் பிடித்த காய் எதுவென்று கடைசிவரை எனக்குத் தெரியாது.

காலையில் வாய்விட்டுக் கேட்டேன். "இன்னைக்கு அங்கோர் வாட் மட்டும் போதும். பாற்கடல் கடையுற சிற்பத்தை உட்கார்ந்து பார்க்கணும். அப்புறம் நல்லதா ஒரு காபி."

12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்குக் கட்டிய, மேற்கு பார்த்த கோயில் அது. சூரியோதயம் காண வந்த கூட்டம் மேற்கே குளக்கரையில் நிற்க, நாங்கள் கிழக்குப் பிராகாரத்துக்குப் போனோம். ஏறத்தாழ 49 மீட்டர் நீளத்துக்கு ஒரே சிற்பம். ஒருபுறம் 92 அசுரர்கள், மறுபுறம் 88 தேவர்கள். நடுவே திருமால், அடியில் ஆமை. அத்தனை பேர் கையிலும் கயிறாக வாசுகிப் பாம்பு.

எதிரே தரையில் உட்கார்ந்தோம். அவள் சின்ன வயதில் நான் சொன்ன கதையை இப்போது அவள் எனக்குச் சொன்னாள். "ரெண்டு பக்கமும் இழுத்தாத்தான் மலை சுத்தும், இல்லம்மா?"

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் 'உன் இஷ்டம்' என்று கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, அதை விட்டுக்கொடுத்தல் என்று நினைத்திருக்கிறேன். மறுமுனையில் அவள் ஒற்றையாக இழுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

உச்சிக் கோயிலுக்குப் படிகள் செங்குத்து. "என்னால ஏற முடியாது. நீ போயிட்டு வா" என்றேன். "நிஜமாவா?" என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. என்னைத் திரும்பித் திரும்பிப் பார்க்காமல் ஏறினாள். நான் நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து, காற்று வாங்கினேன்.

இறங்கி வந்தவள் கேட்டாள்: "ஐஸ் காபியாம்மா, சூடாவா?"

"சூடா. சர்க்கரை கம்மியா" என்றேன்.