பாதியில் நின்ற ஜெபம்



சென்ற வாரம் நம் சபையின் சகோதரி ஒருவரை மருத்துவமனையில் சந்தித்தேன். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே, ஒன்பது நாட்களாகக் கணவருக்காகக் காத்திருந்தார். "ஐயா, 'ஆண்டவரே' என்று ஆரம்பிக்கிறேன். அடுத்த சொல் வருமுன் தொண்டை அடைத்துக்கொள்கிறது. பாதியில் நின்றுபோகிற ஜெபத்தைத் தேவன் கேட்பாரா?" என்றார். "விசுவாசத்தோடு தொடர்ந்து ஜெபியுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பாரம் சுமப்பவர்மேல் இன்னொரு பாரத்தை ஏற்றிவிட்டோமே என்ற எண்ணம் வழியெல்லாம் உறுத்தியது. அவருடைய சம்மதத்தோடு இதை எழுதுகிறேன்.

அன்றிரவு, முன்பு வாசித்த ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது.

1969 அக்டோபர் 29, இரவு 10.30 மணி. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில், கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகத்தின் கணினி ஆய்வுக்கூடம். பேராசிரியர் லியோனார்ட் கிளைன்ராக்கின் குழுவில் இருந்த மாணவர் சார்லி கிளைன், ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவில் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த வேறொரு கணினிக்குள், இருந்த இடத்திலிருந்தே நுழைய முயன்றார். இன்றைய இணையத்துக்கு முன்னோடியான அர்பாநெட்டில் சென்ற முதல் செய்தி அதுவே. 'லாகின்' என்ற ஆங்கிலச் சொல்லின் ஐந்து எழுத்துகளை ஒவ்வொன்றாக அவர் அனுப்ப வேண்டும். மறுமுனையில் பில் டுவால் என்பவர் காத்திருந்தார். இருவரும் தொலைபேசியிலும் பேசிக்கொண்டிருந்தார்கள். 'எல்' சென்றது, வந்துவிட்டது என்று பதில். 'ஓ' சென்றது, அதுவும் வந்துவிட்டது. 'ஜி' என்று தட்டியதும் மறுமுனைக் கணினி செயலிழந்தது.

ஐந்தில் இரண்டே எழுத்துகள். ஆயினும் அவர் சொல்ல வந்தது இன்னதென்று கேட்டுக்கொண்டிருந்தவருக்குத் தெரியும். பிழையைத் திருத்தினார்கள், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் இணைப்பு முழுமையாகக் கிடைத்தது.

எந்த உவமைக்கும் ஓர் எல்லை உண்டு. அன்று பழுது மறுமுனையில் இருந்தது, பரலோகத்திலோ பழுதில்லை. கணினிக்கு ஐந்து எழுத்துகளும் வேண்டியிருந்தன. நம் பிதாவுக்கு அப்படியல்ல. தானியேல் ஒன்பதாம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். அவன் இன்னும் ஜெபித்துக்கொண்டிருக்கையிலேயே காபிரியேல் வந்து சேர்ந்தான். வேண்டுதலின் தொடக்கத்திலேயே பரலோகத்தில் கட்டளை பிறந்துவிட்டது என்று அறிவித்தான். நமக்குச் சொற்கள் அற்றுப்போகும் இடத்தில் ஆவியானவரே நமக்காகப் பரிந்து பேசுகிறார் என்று ரோமர் எட்டாம் அதிகாரத்தில் பவுல் நம்மைத் தேற்றுகிறார்.

இதனால் சகோதரியின் கணவர் நாளையே எழுந்து நடப்பார் என்று சொல்ல நான் துணியவில்லை. பதில் ஒரு மணி நேரத்தில் வருமா, நெடுநாள் தாமதிக்குமா என்பதை நாம் அறியோம். ஆனால் அவர் சொன்ன அந்த ஒற்றைச் சொல் போய்ச் சேர்ந்தது. அதை நான் உறுதியாய் நம்புகிறேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமை மறுபடியும் போனேன். இம்முறை அறிவுரை ஏதும் சொல்லாமல் அருகே அமர்ந்தேன். "அந்த ஒரு சொல்லைச் சொல்லுங்கள் அம்மா, மற்றதை அவர் அறிவார்" என்றேன். "ஆண்டவரே" என்றார். பிறகு இருவரும் வெகுநேரம் மௌனமாக இருந்தோம். அதுவும் ஜெபமே.

பிரியமானவர்களே, இந்த வாரம் உங்கள் ஜெபமும் பாதியில் நின்றுபோனால், அது வீணாயிற்று என்று எண்ணாதிருங்கள். நீங்கள் தொடங்குமுன்னே கேட்கக் காத்திருக்கிறவர் ஒருவர் உண்டு. அவருக்கே மகிமை உண்டாவதாக. ஆமென்.