ஆண் துணை எங்கே?

"ஆண் துணை யாரம்மா?" வீட்டுக்காரர் கேட்ட முதற் கேள்வி இதுதான்! வாடகையைப் பற்றி வாய் திறந்தாரில்லை. கிணறும் நான்கு தென்னையும் உள்ள சிற்றூர் ஓட்டு வீடு. குடியேற விரும்பியவர்கள் நானும், என்னுடன் பணிபுரியும் தோழியும். கணவன் வீட்டுக் கொடுமையை உதறி வெளியேறியவள் அவள். மாதச் சம்பளம் வாங்குகிறோம். ஐம்பது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிறோம். வீட்டைப் பூட்டித் திறக்க மட்டும் ஆண் ஒருவன் வேண்டுமாம்!

திரும்பும் வழியில், அயர்லாந்துப் பெண்கள் இருவரின் கதையை அவளுக்குச் சொன்னேன்.

எலினார் பட்லர், சாரா பான்சன்பி என்பது அவர்கள் பெயர். இருவரும் உயர்குடிப் பிறப்பு. மூத்தவளைக் கன்னிமாடத்துக்கு அனுப்பிவிடக் குடும்பம் துடித்தது. இளையவளுக்கோ, அடைக்கலம் தந்த வீட்டின் தலைவனாலேயே தொல்லை. ஒருத்திக்கு மதம் சிறை. மற்றவளுக்கு மனையே சிறை! 1778-இல் ஆணுடை பூண்டு, துப்பாக்கி ஏந்தி, நாய்க்குட்டியுடன் இரவில் ஓடினார்கள். வாட்டர்போர்டில் பிடிபட்டார்கள். அடங்கினார்களா? இல்லை. அதே ஆண்டு மே மாதம், உற்றார் வேறு வழியின்றி விடைகொடுக்க, கடல் கடந்தார்கள். அப்போது ஒருத்திக்கு வயது 39, மற்றவளுக்கு 23.

1780-இல் வேல்சு நாட்டு லாங்கொலன் ஊரில் சிறு வீடொன்றை வாடகைக்குப் பிடித்தனர். "புது மாளிகை" என்று பொருள்பட அந்நாட்டு மொழியில் பெயரிட்டனர். தோட்டம் போட்டனர், பசு வளர்த்தனர், நூல்களைக் குவித்தனர், கடனும் பட்டனர். ஏடொன்று 1790-இல் அவர்கள் நட்பைக் கொச்சைப்படுத்தி எழுதிற்று. வழக்குத் தொடரலாமா என எட்மண்ட் பர்க்கிடம் கேட்டனர். வேண்டாம் என்றார் அவர். வம்பு பேசும் வாய்க்குக் கடல் ஒரு தடையா! ஆயினும் வேர்ட்சுவொர்த்தும் வால்டர் சுகாட்டும் அந்த வாயிலைத் தேடி வந்தார்கள். ஏறத்தாழ ஐம்பது ஆண்டு அங்கே ஒன்றாக வாழ்ந்து, 1829-இல் எலினாரும் 1831-இல் சாராவும் மறைந்தனர்.

"வீட்டு வேலை செய்தது யார்?" என்றாள் தோழி.

சுருக்கென்றது எனக்கு. மேரி கேரில் என்ற பணிப்பெண் உடன் வந்தாள். எலினார் ஒளிந்திருந்தபோது உணவு கடத்திக் கொடுத்தவளே அவள்தான். 1809-இல் இறக்கும்போது தன் சேமிப்பையும் அவ்வீட்டாருக்கே விட்டுச் சென்றாள். ஒரே கல்லறைத் தூணின் மூன்று முகங்களில் மூவர் பெயரும் உண்டு. ஆனால் "லாங்கொலன் சீமாட்டிகள்" என்று உலகம் புகழ்வது இருவரைத்தான். குடும்பத்தின் பிடியை அறுத்தவர்களுக்கும் எசமானி, ஏவலாள் என்ற பிரிவை அறுக்கத் தோன்றவில்லை போலும்!

நாங்களும் பாத்திரம் துலக்க ஒரு பாட்டியை அமர்த்துவதாகத்தான் இருந்தோம். "முறை வைத்து நாமே துலக்குவோம். திங்கள் உனக்கு, செவ்வாய் எனக்கு" என்றாள் தோழி. ஞாயிறன்று வேறொரு வீடு பார்க்கப் போகிறோம். கிணறு இல்லையாம், தெருக் குழாய்தானாம். வீட்டுக்காரர் ஓர் அம்மையார். அவர் முதலில் எதைக் கேட்பாரோ!