பாட்டியின் நடைக்கு ஏற்ற தரங்கம்பாடி

செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வேண்டுமானால் மூச்சு வாங்க மலை ஏற வேண்டும். திருச்சி உச்சிப்பிள்ளையாரைத் தரிசிக்க நானூறுக்கும் மேற்பட்ட படிகள். தரங்கம்பாடி அப்படிப்பட்ட ஊர் இல்லை. 1792-ல் கட்டப்பட்ட நுழைவாயிலுக்குள் போனால், நேராக ஒரே வீதி. சுமார் அரைக் கிலோமீட்டர் நடந்தால் கடல். மேடு, பள்ளம் எதுவும் இல்லை. பழைய தேவாலயங்கள், டேனிஷ் பங்களாக்கள், கோட்டை, கோயில் என்று பார்க்க வேண்டியதெல்லாம் கூப்பிடு தூரத்துக்குள் அடங்கிவிடும்.

இந்தச் சின்ன அளவுதான் மயிலாடுதுறையைச் சேர்ந்த அந்த அம்மாச்சிக்குப் பிடித்திருந்தது. அவருக்கு வயது 62. ஒன்பது ஆண்டுகளாக ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். ஊர்ப் பக்கம் சரவாங்கி, முடக்குவாதம் என்பார்கள். கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் பாதுகாப்புப் படையே தவறாகத் தன் மூட்டுகளின் உள்சவ்வைத் தாக்கும் நோய் இது. வயதானால் வருகிற மூட்டுத் தேய்மானம் வேறு, இது வேறு. பெண்களுக்கே அதிகமாக வருகிறது. காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காது. இறுக்கம் தளர ஒரு மணி நேரமாவது ஆகும். சில நாள் ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். சில நாள் கதவின் தாழ்ப்பாளைத் திறக்கவே முடியாது.

போன ஆண்டு நடந்தது

சென்னையில் வேலை பார்க்கும் மகள், காலாண்டு விடுமுறைக்குப் பிள்ளைகளை இங்கே அனுப்புவது வழக்கம். பேத்திக்குப் பத்து வயது, பேரனுக்கு ஆறு. போன ஆண்டு அம்மாச்சி வலியை வெளியே சொல்லவில்லை. பேரனைத் தூக்கினார், இருவருக்கும் துணி துவைத்தார், தினமும் முறுக்கும் அதிரசமுமாகச் சுட்டார். ஐந்தாம் நாள் படுத்தவர், நான்கு நாள் எழவில்லை. மகள் அவசர விடுப்பு எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

இந்த ஆண்டு விடுமுறை நெருங்கியபோது மகள் போனில் தயங்கினாள். "உனக்கு எதுக்கும்மா சிரமம்? இங்கேயே ஏதாவது கோடை முகாம் மாதிரி ஒரு இடத்துல விட்டுடறேன்."

அந்த வார்த்தை மூட்டுவலியைவிட அதிகமாக வலித்தது. ஆனால் அம்மாச்சி கோபப்படவில்லை. "அனுப்பு. இந்த தடவை என்னால முடியாததை முடியாதுன்னு சொல்றேன். அதுகளுக்கும் சொல்லிடறேன்" என்றார்.

பிள்ளைகள் வந்த அன்றே இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். "அம்மாச்சிக்கு ஒரு வியாதி இருக்கு. உங்களுக்கு ஒட்டிக்காது. காலையில பத்து மணி வரைக்கும் நான் மெதுவாத்தான் இருப்பேன். தூக்கச் சொல்லக் கூடாது. மடியில வந்து உட்காரலாம்."

பேரன் யோசித்துவிட்டுக் கேட்டான்: "பீச்சுக்குக் கூட்டிட்டுப் போவியா?"

"போவோம்" என்றார்.

நாள் பார்த்துப் புறப்பாடு

மற்றவர்கள் பஞ்சாங்கம் பார்ப்பார்கள். அம்மாச்சி மாத்திரை நாள் பார்த்தார். அவர் சாப்பிடும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மட்டும் எடுக்க வேண்டிய மருந்து. தவறிப்போய் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. அவருக்கு அது ஞாயிற்றுக்கிழமை இரவு. திங்கட்கிழமை முழுக்க அசதியும் குமட்டலும் இருக்கும். ஆகவே புதன்கிழமை என்று முடிவானது. மாத்திரை டப்பா, பிள்ளைகள் கைக்கு எட்டாத அலமாரியில் பூட்டித்தான் இருக்கும்.

முதல் புதன்கிழமை பயணம் தள்ளிப்போனது. பேரனுக்குச் சளி, லேசான காய்ச்சல். நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்களுக்குப் பிள்ளைகளின் சளிகூட எளிதில் தொற்றி, பெரிதாகிவிடக்கூடும். அம்மாச்சி முகக்கவசம் போட்டுக்கொண்டார். கஞ்சி ஊட்டும் வேலையைத் தாத்தாவிடம் கொடுத்தார். அடுத்த புதன் மதியச் சாப்பாடு முடிந்ததும் மூவரும் பஸ் ஏறினார்கள்.

மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகத் தரங்கம்பாடி சுமார் 30 கிலோமீட்டர். திருக்கடையூரில் மாலையும் கழுத்துமாக ஒரு அறுபதாம் கல்யாண ஜோடி பஸ்ஸுக்குக் குறுக்கே போனது. "இந்தப் பாட்டிக்கு இப்பத்தான் கல்யாணமா?" என்று பேரன் கேட்க, பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள்.

ராஜ வீதியில் மூன்று இடைவேளை

நுழைவாயிலிலிருந்து கடல் வரை ஆட்டோவில் போய்விடலாம். ஆனால் இந்த வீதியின் அழகு நடந்தால்தான் தெரியும். அம்மாச்சி அதை மூன்று துண்டாகப் பிரித்துக்கொண்டார். நிழல் கண்ட இடத்தில் உட்காருவது, தண்ணீர் குடிப்பது, ஒரு கதை சொல்வது, பிறகு எழுவது.

முதல் கதை ஊர்ப் பெயர். தரங்கம் என்றால் அலை. பழைய கல்வெட்டில் இந்த ஊருக்குச் சடங்கன்பாடி என்று பெயர். இரண்டாவது, டென்மார்க்கிலிருந்து கப்பலில் வந்தவர்கள். 1620-ல் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு இங்கே கோட்டை கட்டினார்கள். டென்மார்க் அரசருக்கு ரகுநாதர் அனுப்பிய தங்க ஓலைக் கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. 1845-ல் தரங்கம்பாடியையும் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள்.

"ஊரை விக்க முடியுமா?" என்றாள் பேத்தி.

"அப்ப வித்தாங்க."

மூன்றாவது கதை, 1718-ல் கட்டப்பட்ட புதிய எருசலேம் தேவாலயத்தின் முன்னால். 1706-ல் ஜெர்மனியிலிருந்து வந்த சீகன்பால்க், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார் என்று அவர் வரலாற்றில் சொல்வார்கள். பிறகு அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-ல் இங்கேயே அச்சானது. அவருடைய கல்லறை இந்தத் தேவாலயத்துக்குள்தான் இருக்கிறது. அவர் இறந்தபோது வயது 36.

மாடி ஏறாத கோட்டை

டான்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. மஞ்சள் பூசிய சுவர், வளைந்த கூரை அறைகள், பெரிய முற்றம். அருங்காட்சியகத்தில் பீங்கான் பாத்திரங்கள், நாணயங்கள், பழைய ஆவணங்கள். மேலே போகப் படிகள் உண்டு. போன ஆண்டாக இருந்திருந்தால் அம்மாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு ஏறியிருப்பார். இந்த முறை படியைப் பார்த்தார், முழங்காலைத் தொட்டுப் பார்த்தார்.

"நான் இங்க உட்காந்திருக்கேன். பாப்பா, தம்பி கையை விடாத. மேல என்ன தெரியுதுன்னு போட்டோ எடுத்துட்டு வந்து காட்டு."

பேத்தி போனை வாங்கிக்கொண்டு, தம்பியின் கையைப் பிடித்தாள். பதினைந்து நிமிடம் கழித்து முப்பத்தேழு படங்களோடு திரும்பினார்கள். பாதியில் பேரனின் கட்டை விரல்தான் இருந்தது. "மேல இருந்து பாத்தா கடல் ரொம்பப் பெருசு அம்மாச்சி. நீ பாக்கலைல்ல, நான் சொல்றேன்" என்று அவன் ஆரம்பித்துச் சொல்லி முடிக்க வெகுநேரமானது. இதுவரை கதை சொல்பவராகவே இருந்த அம்மாச்சி கேட்பவரானார்.

கடலும் கருங்கல்லும்

கோட்டையிலிருந்து கொஞ்சத் தூரத்தில் மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில், 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. கடல் அரித்து அரித்துக் கோயிலின் முன்பகுதியைத் தின்றுவிட்டது. 2004 சுனாமியையும் இந்த ஊர் பார்த்தது. இப்போது கரையில் கருங்கற்களைக் கொட்டித் தடுப்பு போட்டிருக்கிறார்கள்.

"கல்லு போட்டா கடல் திரும்பிப் போயிடுமா?" என்று பேத்தி கேட்டாள்.

"போகாது. ஆனா இதுக்கு மேல உள்ள வராது. என் மாத்திரையும் அப்படித்தான். வியாதியைத் துரத்தாது. மூட்டை மேற்கொண்டு தின்ன விடாம நிறுத்தி வைக்கும்."

அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப தினமும் போட்டா சீக்கிரம் நின்னுடும்ல?" என்றாள். ஏன் வாரம் ஒரு நாள் மட்டும் என்பதை அம்மாச்சி அங்கேயே விளக்கினார். அன்றிலிருந்து ஞாயிறு இரவு நினைவூட்டும் பொறுப்பு பேத்தியுடையது.

மணலில் உட்கார்ந்தால் எழுவது கஷ்டம் என்பதால் அம்மாச்சி சிமென்ட் திண்டில் உட்கார்ந்தார். பேரன் ஈர மணலில் பெரிதாக 'அ' போட்டான். அலை அழித்தது. மறுபடி போட்டான். பொங்கல் வாழ்த்து அட்டையில் கையெழுத்துப் போடவே சிரமப்படும் விரல்களால், குனிந்து அம்மாச்சியும் ஒரு 'ஆ' போட்டார். மணல் விரலை எதிர்க்கவில்லை.

இருட்டும் முன் பஸ் ஏறிவிட்டார்கள். பங்களாக்கள் அருகே போய்ப் பார்க்கவில்லை, சீகன்பால்க் வாழ்ந்த வீட்டு அருங்காட்சியகத்தைப் பார்க்கவில்லை. மறுநாள் காலை இறுக்கம் வழக்கத்தைவிட அரை மணி கூடுதலாக நீடித்தது. வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு மகளிடம் அதையும் மறைக்காமல் சொன்னார். அந்தப் பக்கம் சற்று மௌனம். பிறகு, "சரிம்மா. அரையாண்டு லீவுக்கும் அனுப்பறேன். விட்டுப் போனதை அப்பப் பாருங்க" என்றாள் மகள்.

போகிறவர்கள் கவனத்துக்கு

* மயிலாடுதுறை வரை ரயில், அங்கிருந்து பஸ். காரைக்காலிலிருந்தும் பஸ் உண்டு.

* பிற்பகல் மூன்று மணிக்குமேல் வெயில் தணியும். காலை இறுக்கம் உள்ளவர்களுக்கும் அதுவே தோதான நேரம். கோட்டை அருங்காட்சியகத்தின் வார விடுமுறை நாளையும் மூடும் நேரத்தையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

* அழுத்தாத செருப்பு, தொப்பி அல்லது குடை, தண்ணீர், அன்றைய மாத்திரைகள், மருந்துச் சீட்டின் போட்டோ கையில் இருக்கட்டும். பையைத் தோளில் மாட்டினால் விரல்களுக்குச் சுமை குறையும்.

* இந்தக் கடலில் பிள்ளைகளை இறங்கிக் குளிக்க விட வேண்டாம். ஓடிப்போய்ப் பிடிக்க முடியாதவர்கள் கூட இருக்கும்போது, கால் நனைப்பதும் பெரியவர் ஒருவர் கையைப் பிடித்தபடிதான்.

* நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், வீட்டுப் பிள்ளைகளுக்கு அம்மையோ காய்ச்சலோ வந்தால் உடனே மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம்.

* எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட நினைக்க வேண்டாம். நானூறு ஆண்டுகளாக அங்கேயே நிற்கும் கோட்டை, அடுத்த விடுமுறை வரைக்கும் காத்திருக்கும்.