தளர்ந்த ஓர் ஆணி

கனடாவின் குளிரில் வாழும் நம் குடும்பங்கள் சிலவற்றில் காரோடு ஸ்னோமொபைலும் ஒரு வாகனமாகிவிட்டது. நம் மைத்துனர் அப்படி ஒன்றை வைத்திருக்கிறார். டொரன்டோவுக்கு வடக்கே ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள சிம்கோ ஏரி உறைந்ததும், பனிக்கட்டியில் துளையிட்டு மீன் பிடிக்க அதில்தான் செல்வார். சென்ற குளிர்காலத்தில் அவ்வண்டி பழுதுற்று, அவருக்கும் பணிமனைக்காரருக்கும் வழக்கு எழுந்து, அது நம்மிடம் வந்து சேர்ந்தது. மதரஸா ஆசிரியரிடம் இயந்திர வழக்கா என்று வியக்க வேண்டாம். இருவரும் நமக்கு வேண்டியவர்கள், ஒருவர் சொல்லை மற்றவர் ஏற்கும் நிலையில் இல்லை.

வழக்கு விளங்க வேண்டுமாயின் வண்டியின் அமைப்பு விளங்க வேண்டும். ஸ்னோமொபைலுக்குச் சக்கரம் கிடையாது. முன்னே இரு சறுக்குப் பலகைகள், பின்னே சுழலும் ரப்பர்ப் பட்டை. வழுவழுப்பான பனிக்கட்டியில் ரப்பர் வழுக்கும் என்பதால், ஸ்டட் எனப்படும் கூர் எஃகு ஆணிகளைப் பட்டையில் துளையிட்டுப் பொருத்துவார்கள். ஆணியின் தட்டையான தலை பட்டையின் உட்புறம் இருக்கும். முனை வெளியே நீட்டி நிற்க, வெளிப்புறத்தில் ஒரு தகடும் நட்டும் அதை இறுகப் பிடிக்கும்.

பட்டை கீழே பனியைக் கடித்து ஓடி, பின்னர் மேலே திரும்பி டன்னல் எனப்படும் நீண்ட உலோகக் கூட்டுக்குள் சுழன்று வருகிறது. காரின் ரேடியேட்டர் முகப்பில் காற்றை வாங்கும். இங்கோ, நீர்மத்தால் குளிரும் எஞ்சினின் வெப்பத்தைக் கழிக்கும் அலுமினியக் குழல்கள் அந்த டன்னலின் கூரையிலேயே அமைந்துள்ளன. பட்டை வாரி வீசும் பனி அவற்றில் பட்டு உருகி வெப்பத்தை எடுத்துச் செல்லும். பனியில் ஓடும் வண்டியைப் பனியாலேயே குளிர்விப்பது அழகான ஏற்பாடுதான். ஆயினும் கொதிக்கும் நீர்மம் ஓடும் மெல்லிய அலுமினியத்திற்குக் கீழே, விரல் இடைவெளியில், எஃகு முனைகள் விரைந்து சுழல்கின்றன. காற்றால் குளிர்ந்த பழைய வண்டிகளுக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. இடையே காவலாக நீளவாக்கில் பட்டிகள் பதிக்கப்படும். ஆணி நேராக நிற்கும் வரையில்தான் அக்காவல்.

ஜனவரி மாத அஸர் நேரம். கரையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, பதினொரு வயது மகன் பின்னே அமர்ந்திருக்க, வெப்ப எச்சரிக்கை விளக்கு எரிந்தது. காற்று ஏரியின் மேல்பனியைத் துடைத்திருந்ததால் குளிர்விக்கப் பனி போதவில்லை என்று முதலில் எண்ணினார். அது நியாயமான எண்ணமே. வெறும் பனிக்கட்டியில் நல்ல வண்டியும் சூடேறும். அதற்கென்றே உள்ள, பனிக்கட்டியைச் சுரண்டித் துகளைப் பட்டையின்மேல் வீசும் கம்பிகளை இறக்கினார். விளக்கு அணையவில்லை. இறங்கிப் பார்த்தால், வந்த வழி நெடுகப் பச்சைத் துளிகள், இனிப்பான வாடை. கூலன்ட் வடிந்துகொண்டிருந்தது.

எஞ்சினை உடனே நிறுத்தினார். மீன்பிடிக்க வந்த ஒருவர் ஏரி நீரை ஊற்றி ஓட்டிவிடலாம் என்றாராம். ஊற்றியிருந்தால் அதுவும் வடிந்திருக்கும்; எஞ்சியது உள்ளே உறைந்து விரிந்து எஞ்சினையே பிளந்திருக்கும். நீரின்றி ஓட்டினாலோ பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிவிடும். அவர் மறுத்து, இன்னொரு வண்டியில் கட்டி இழுக்கச் செய்து, இருட்டுமுன் மகனோடு கரை சேர்ந்தார். மறுநாள் வாளியோடு சென்று அந்தப் பச்சைப் பனியைச் சுரண்டி அள்ளி வந்தார். கூலன்டில் உள்ள கிளைக்கால் நஞ்சு. இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கும். அந்த ஏரியிலிருந்தே சில ஊர்களுக்குக் குடிநீர் போகிறது.

ஆணி பொருத்தி இரு வாரமே ஆகியிருந்தது. “மச்சான், நட்டை இறுக்காமல் கொடுத்துவிட்டார்” என்றார் இவர். பட்டையைத் தொய்வாக ஓட்டினால் வேகத்தில் அது உப்பிக் கூரையில் மோதும், ஆணிமேல் குற்றமில்லை என்றார் பணிமனைக்காரர். இரண்டும் நிகழக்கூடியவையே. பட்டையை இறக்கி, விளக்குப் பிடித்துப் பார்த்தோம். கூரையில் ஒரே ஒரு கீறல்; காவல் பட்டியின் மேல் அன்று, அதன் ஓரத்தில். பட்டை உப்பியிருந்தால் எல்லா வரிசை ஆணிகளும் தடம் பதித்திருக்கும், பட்டிகளும் தேய்ந்திருக்கும். கீறலுக்கு நேரே ஓர் ஆணி சாய்ந்து நின்றது. அதன் துளை நீள்வட்டமாகியிருந்தது. அந்த நட்டும் அருகே இன்னும் இரண்டும் விரலாலேயே சுழன்றன.

ஆனால் பணிமனைக்காரர் இறுக்கவே இல்லை என்பதற்கும் அது சான்றாகாது. புதிதாகப் பொருத்திய ஆணியின் கீழ் ரப்பர் அமுங்கும். முதல் ஓட்டத்திற்குப் பின் நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும். அதை வாய்மொழியாகச் சொன்னதாக அவர் கூறினார்; கேட்கவில்லை என்றார் மைத்துனர். ரசீதில் ஒரு சொல்லும் இல்லை. தொழில் அறிந்தவர் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்பதே நம் கருத்து. எனவே கூலி முழுவதும் பணிமனைக்கு, பாகத்தின் விலை மைத்துனருக்கு என்றோம். அவருக்கு இன்றும் மனக்குறைதான்.

கூலி சிறியதன்று. கீறலைப் பற்றவைக்க முயன்றார்கள்; உள்ளே ஊறிய கூலன்ட் பற்றவைப்பைக் கெடுத்தது. பின்னர் டன்னலோடு சேர்த்தடித்த ரிவெட்டுகளைத் துளைத்தெடுத்துக் குழலையே மாற்றி, அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்த்தார்கள். 96 ஆணிகளையும் மீண்டும் முறுக்கினார்கள். முப்பது கிலோமீட்டர் ஓடிய பின் மகன் எண்ணிச் சொல்ல, மைத்துனர் தாமே ஒவ்வொன்றாகச் சோதித்தார். நான்கு நட்டுகள் இன்னும் கால் சுற்று இறங்கின.