தவளைக்கண் காருக்கு எந்த எண்ணெய்?

எங்கள் வீடுகளில் எண்ணெய்க்குக் குறைவில்லை. முழுக்குக்கு நல்லெண்ணெய், பொரியலுக்குத் தேங்காயெண்ணெய், வயிற்றைச் சுத்தஞ் செய்ய ஆமணக்கெண்ணெய் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தொழிலை வகுத்து வைத்திருக்கின்றோம். ஆமணக்கெண்ணெயில் அப்பளம் பொரிக்க எந்தத் தாயும் துணியமாட்டாள். ஆயினும் அதே வீட்டு முற்றத்தில் நிற்கும் மோட்டார் காருக்கென்று வந்துவிட்டால், "ஏதாவதொரு நல்ல ஒயிலாய்ப் பார்த்து ஊற்றுங்கள்" என்பதோடு எமது அக்கறை முடிந்துவிடுகின்றது. நல்லது என்றால் எதற்கு நல்லது என்ற கேள்வி எழுவதேயில்லை.

எமது பொறுப்பில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருப்பதால் இக்கேள்வியை நாம் அடிக்கடி கேட்க வேண்டியிருக்கின்றது. ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் என்பது அதன் பெயர். 1958 ஆம் ஆண்டு மே மாதம் மொன்ரே கார்லோவில் இது முதன்முதலாக உலகுக்குக் காட்டப்பட்டது. டொனால்ட் ஹீலி என்பாரின் திட்டப்படி, இங்கிலாந்தில் அபிங்டன் நகரிலிருந்த எம்.ஜி. தொழிற்சாலையில் கட்டப்பட்டது. முன்விளக்குகள் இரண்டும் மூடியின்மேல் உருண்டு திரண்டு நிற்பதால் பிரித்தானியர் இதைத் தவளைக்கண் என்றனர். அமெரிக்கர் பூச்சிக்கண் என்றனர். தெருவில் போகும் பிள்ளைகள் சூட்டும் பெயர்கள் இவ்விரண்டிலும் அடங்கா.

பார்வைக்குப் புதுமையாயினும் இதன் உள்ளே துடிப்பது எமக்கு மிகவும் பழக்கமான இதயந்தான். எங்கள் ஆசிரியர்களும் வைத்தியர்களும் அன்று ஓட்டித் திரிந்த மொறிஸ் மைனர் 1000 இல் இருந்த அதே 948 கன சென்ரிமீற்றர் எஞ்சினே இதிலும் இருக்கின்றது. மைனருக்கு ஒரு காபரேற்றர், இதற்கு இரண்டு. மைனரில் எண்ணெய் அழுத்தம் குறைந்தால் ஒரு சிறு விளக்கு எரியும். இதிலோ அழுத்தத்தைக் காட்டும் மானியே உண்டு. ஆதலால் இங்கே நாம் சொல்லப்போவது ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் ஒருசிலருக்கு மாத்திரமன்று. பாட்டனாரின் மொறிஸ் மைனரை இன்னும் துடைத்துப் பேணிவரும் குடும்பங்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

சென்ற முறை எண்ணெய் வாங்கச் சென்றபோது, கடையிலிருந்த இளைஞர் அழகானதொரு கலனை எடுத்து முன்னால் வைத்தார்.

"ஐயா, இது புதுசா வந்தது. முழுக்க சிந்தெற்றிக். 5டபிள்யூ-30. இதைவிட நல்ல சாமான் இல்லை."

"நல்ல சாமான்தான் தம்பி. ஆனால் எங்கட காருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. 20டபிள்யூ-50 இருந்தால் தாருங்கோ."

"அது பழைய லொறிக்காரர் கேட்கிறதல்லோ?" என்று சிரித்துக்கொண்டே அவர் உள்ளே போனார்.

அவ்விளைஞர் சொன்னதில் பொய்யில்லை. அவர் காட்டிய எண்ணெய் இன்றைய கார்களுக்குச் சிறந்ததே. ஆனால் எமது காருக்கு அது ஏன் ஆகாது என்பதை விஞ்ஞானம் கற்கும் மாணவர்கள் அறிந்துகொள்வது பயனுடையது.

கலன்மேல் உள்ள இலக்கங்கள் எண்ணெயின் பிசுக்குமையைக் குறிப்பவை. அமெரிக்காவின் மோட்டார் பொறியியலாளர் சங்கமான எஸ்.ஏ.ஈ. 1911 இல் இம்முறையைத் தொடங்கியது. டபிள்யூ என்ற எழுத்து குளிர்காலத்தைச் சுட்டும். அதற்கு முன்னுள்ள எண் குளிரில் எண்ணெய் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதையும், பின்னுள்ள எண் 100 பாகை செல்சியஸ் வெப்பத்தில் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதையும் சொல்லும். 20டபிள்யூ எண்ணெயைச் சோதிப்பது பூச்சியத்துக்குக் கீழே 15 பாகைக் குளிரில். எமது ஊர்களில் பனிக்காலத்து விடியற்காலையிலும் அத்தகைய குளிரைக் கனவிற்கூடக் காணமுடியாது. ஆகவே 5 என்ற அந்தச் சிறிய எண்ணுக்காக நாம் கொடுக்கும் மேலதிகப் பணம் பிறநாட்டுப் பனிக்குக் கொடுக்கும் பணமே.

அக்காலக் கைநூல் வெப்ப நாடுகளுக்கு 30 ஆம் இலக்க எண்ணெயைத்தானே விதித்தது, 5டபிள்யூ-30 இலும் அந்த 30 இருக்கின்றதே என்று கூர்மையான மாணவர் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கைநூல் பேசியது புதிய எஞ்சினைப் பற்றி. பல்லாண்டு ஓடித் தேய்ந்த எஞ்சினில் தண்டுக்கும் தாங்கிக்கும் இடையேயுள்ள வெளி அகன்றிருக்கும். அதை நிரப்பி அழுத்தத்தைக் காக்கச் சற்றுத் தடித்த எண்ணெய் வேண்டும். மேலும் இந்த எஞ்சினின் பின்புறத்தில் எண்ணெயைத் தடுக்கும் இறப்பர் வளையமே கிடையாது. சுழலும் தண்டில் வெட்டிய திருகு போன்ற பள்ளம் எண்ணெயை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும். கார் நின்றுவிட்டால் அந்தப் பள்ளமும் நின்றுவிடும். மெல்லிய எண்ணெய் மெல்ல மெல்ல நழுவி முற்றத்துச் சீமெந்தில் வட்டம் போடும். இதனைப் பார்த்த பின் வீட்டிலுள்ளோரின் முகத்தைப் பார்ப்பது அவ்வளவு சுலபமன்று.

இன்னுமொரு காரணம் இருக்கின்றது, அதுவே பெரியது. இந்த எஞ்சினில் வால்வுகளை உயர்த்தும் காம் என்ற முட்டை வடிவப் பகுதி, தட்டையான உருக்கு அடியொன்றின்மேல் உரசிக்கொண்டு சுழல்கின்றது. இன்றைய எஞ்சின்கள் பலவற்றில் அவ்விடத்தில் உருளும் சில்லு இருக்கும், இதில் உரசல்தான். அந்த உரசலில் உருக்கும் உருக்கும் நேரே தொடாமல் ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்குவது நாகமும் பொசுபரசும் கந்தகமும் சேர்ந்த ஒரு சேர்மானம். புதிய கார்களின் புகைக்குழாயில் நச்சுவாயுவை மாற்றும் ஊக்கி ஒன்று பொருத்தப்பட்டிருக்கின்றது. பொசுபரசு அந்த ஊக்கியைக் கெடுக்கும். அதனால் இப்பொழுது ஏ.பி.ஐ. விதிக்கும் எஸ்.பி. தரத்தில், 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய எண்ணெய்களில் பொசுபரசு 0.08 சதவீதத்துக்கு மேல் இருத்தலாகாது. 20டபிள்யூ-50 போன்ற தடித்த எண்ணெய்களை அந்த வரம்பு கட்டுப்படுத்துவதில்லை. எமது காருக்கோ ஊக்கியும் இல்லை, உருளும் சில்லும் இல்லை. எனவே நாம் நாகம் தக்க அளவு சேர்ந்த 20டபிள்யூ-50 ஐத் தேடுகின்றோம். காம் தேய்ந்தால் வெளியே எவ்வித அடையாளமும் தெரியாது. கார் சிறிது சிறிதாகச் சோர்ந்துபோகும். பின்னர் தண்டையே மாற்றவேண்டி வரும். அதற்காக, தனிப் போத்தலில் விற்கும் நாகச் சேர்மானத்தை வாங்கி மேலும் மேலும் ஊற்றுவதும் தவறு. மிகுந்தால் அதுவே உலோகத்தை அரிக்கும்.

ஆமணக்கெண்ணெயை அப்பளத்துக்கு ஆகாதென்றோம். மோட்டாருக்கு அது ஒருகாலத்தில் அமிர்தமாக இருந்தது. சார்ள்ஸ் வேக்பீல்ட் 1899 இல் தொடங்கிய எண்ணெய்க் கம்பனி, 1909 இல் ஆமணக்கெண்ணெய் சேர்த்த தனது எண்ணெய்க்குக் கஸ்ரோல் என்று பெயரிட்டது. ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்ததே அச்சொல். முதலாம் மகாயுத்த விமானங்களின் சுழல் எஞ்சின்களுக்கும் ஆமணக்கெண்ணெயே. அந்தப் புகையைச் சுவாசித்த விமானிகளுக்கு வானத்திலேயே வயிறு கலங்கியதென்று கதை சொல்வார்கள். ஞாயிறு காலையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கிய எவருக்கும் அதை நம்புவதிற் கடினமிராது.

எண்ணெயைத் தெரிந்தெடுத்தால் மட்டும் போதாது. அது பழுதாகாமலும் பார்க்கவேண்டும். 1990களில் வடபகுதிக்குப் பெற்றோல் வராத காலத்தில் பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடியதை எம்மவர் மறந்திருக்கமாட்டார்கள். சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, சூடேறியதும் மண்ணெண்ணெயைக் குடித்துப் புகை கக்கி ஓடின. ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே வடிந்து, எஞ்சின் எண்ணெயைத் தண்ணீராக்கிவிடும். அளவுகோலை இழுத்துப் பார்த்தால் எண்ணெய் குறையாமல் கூடியிருக்கும்! அனுபவமுள்ள சாரதிகள் அதைக் கண்டு மகிழவில்லை. மணந்து பார்த்து உடனே மாற்றினார்கள். இரட்டைக் காபரேற்றர் கொண்ட எமது காரிலும், அவை பெற்றோலை அளவுக்குமேல் ஊட்டினால், இதே கேடு நேரும். ஆதலால் மாதமொருமுறையேனும் அளவுகோலை மணந்து பார்ப்பது எமது வழக்கம். அயலவர் இதனை விசித்திரமாகப் பார்க்கிறார்கள், பார்க்கட்டும்.

கியர்ப்பெட்டிக்கும் பின் அச்சுக்கும் வெவ்வேறு எண்ணெய். கியர்ப்பெட்டிக்குத் தயாரித்தவர்கள் விதித்தது எஞ்சின் எண்ணெயையே. பின் அச்சிலுள்ள பற்சில்லுகள் ஒன்றன்மேலொன்று சறுக்கிச் சுழல்வதால் அங்கே 90 ஆம் இலக்க ஹைப்பொயிட் எண்ணெய் வேண்டும். அதிலுள்ள கந்தகச் சேர்மானம் கியர்ப்பெட்டியின் பித்தளை வளையங்களுக்கு ஆகாது. மாற்றி ஊற்றலாகாது, அவ்வளவே.

பிறேக்கைப் பற்றிச் சொல்லும்போது விளையாட்டுக்கு இடமில்லை. பிறேக்குக்குரிய திரவத்தைப் பலர் பிறேக் ஒயில் என்கிறார்கள். அந்தப் பெயரே ஆபத்தானது, ஏனென்றால் அது எண்ணெயன்று. கிளைக்கோல் வகையைச் சேர்ந்த திரவம். உண்மையான எண்ணெயில் ஒரு துளி அதனுள் சென்றாலும் இறப்பர் வளையங்கள் ஊதிப் பருத்து உருக்குலைந்துவிடும். தவளைக்கண் காரில் பிறேக்குக்கும் கிளச்சுக்கும் ஒரே தொட்டியிலிருந்தே திரவம் போகின்றது. ஆகவே ஒரு கவனக்குறைவு இரண்டையும் ஒருங்கே கெடுக்கும். எண்ணெய் ஊற்றிய புனலை அந்தத் தொட்டியின் அருகே கொண்டுபோக எவரையும் நாம் விடுவதில்லை, எவ்வளவு நெருங்கிய உறவினராயினும்.

இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 4 எனப்படும் வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியசில் கொதிக்கும். நீர் கலந்தபின் அந்த வரம்பு 155 பாகைக்கு இறங்கிவிடும். டொட் 3 வகைக்கு இவை 205, 140. இந்த வேறுபாடு யாழ்ப்பாணத்துச் சமதரையில் ஒருவேளை தெரியாது. நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாக இறங்கும்போது தெரியும். 1934 இல் மஹகஸ்தொட்டையில் மலையேற்றப் பந்தயம் தொடங்கிய காலமுதல் ஸ்போர்ட்ஸ் கார்க்காரருக்கு நுவரெலியாமேல் ஒரு மோகம் உண்டு. ஏறுவதில் அல்ல, இறங்குவதிலேயே சோதனை. வளைவுக்கு வளைவு மிதித்துக்கொண்டு வந்தால் பிறேக் உருளைகள் காய்ந்து, பழைய திரவம் கொதித்து ஆவியாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். மிதிகட்டை தரைவரை சென்றுவிடும், கார் நிற்காது. பக்கத்தில் பிள்ளை அமர்ந்திருக்க இப்படியொரு நிலை எவருக்கும் வரலாகாது. இரண்டாண்டுக்கொருமுறை, திரவம் தெளிவாகவே தோன்றினாலும், முழுவதையும் வெளியேற்றிப் புதிதாக ஊற்றுகின்றோம். சிறு போத்தலாகவே வாங்குகின்றோம். திறந்து பாதியில் வைத்த போத்தலை மறுவருடம் பயன்படுத்துவதில்லை. ஈரத்தை உறிஞ்சாத சிலிக்கன் திரவமொன்று டொட் 5 என்ற பெயரில் உண்டு. அது கிளைக்கோலுடன் கலவாது. டொட் 5.1 என்பதோ பெயரில் மட்டுமே அதன் உறவு, அதுவும் கிளைக்கோலே. பெயரைப் பார்த்து மயங்கலாகாது.

காபரேற்றரின் தலையிலுள்ள சிறு மூடியைக் கழற்றினால் உள்ளே கொஞ்சம் எண்ணெய் நிற்கவேண்டும். அது மசகுக்காக அன்று. திடீரென மிதிக்கும்போது உள்ளே எழும் உந்தைச் சற்றுத் தாமதப்படுத்துவதற்காக. 20 ஆம் இலக்க எண்ணெய் அதற்குப் பொருத்தம். வற்றிப்போனால் கார் தயங்கித் தும்மும். பலர் இதனை அறியாது வேறு பகுதிகளைக் கழற்றி வைத்துக்கொண்டு திண்டாடுகின்றனர்.

நீரைப் பற்றியும் ஒரு சொல். எமது கிணறுகள் சுண்ணக்கல்லைக் குடைந்தவை. கேத்தலின் அடியில் வெண்மையாகப் படியும் அதே சுண்ணாம்பு, றேடியேற்றரிலும் எஞ்சின் சுவரிலும் படிந்து வெப்பம் வெளியேறாமல் தடுக்கும். மாரியில் ஏந்திய மழைநீரோ வடித்த நீரோ நல்லது. பனியில்லாத நாட்டில் பனியெதிர்த் திரவம் எதற்கு என்று கேட்பார்கள். அதிலுள்ள துருத்தடுப்பானுக்காகவே அதைச் சேர்க்கின்றோம். பித்தளை றேடியேற்றரும் ஈயப்பற்றும் உள்ள காருக்குப் பழைய சிலிக்கேற்று வகையே பாதுகாப்பானது. அதன் இனிப்புச் சுவை பிள்ளைகளையும் நாய்களையும் இழுக்கும், அதுவோ கொடிய நஞ்சு. சிந்தினால் உடனே நிறைய நீர்விட்டுக் கழுவிவிட வேண்டும்.

இறுதியாக, வடித்தெடுத்த பழைய எண்ணெய். கறையானுக்கு மருந்தென்று தூண்களிலும் கூரை மரங்களிலும் பூசி, எஞ்சியதை வேலியோரம் ஊற்றும் வழக்கம் எம்மிடையே இருந்தது. சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்துவிட்டதென்ற முறைப்பாடு 2015 இல் நாடெங்கும் பேசப்பட்ட பின்னர், சுண்ணக்கல்லின்மேல் ஊற்றுவது எங்கே போய்ச் சேரும் என்பதை எவருக்கும் விளக்கத் தேவையில்லை. நான்கு லீற்றருக்குச் சற்றுக் குறைவாக வரும் அதனை மூடியுள்ள கலனொன்றில் சேர்த்து, பழைய எண்ணெய் எடுக்கும் கராஜ் ஒன்றில் ஒப்படைக்கின்றோம். கலனின்மேல் பெரிய எழுத்தில் பெயரும் எழுதியாயிற்று; சமையலறையில் தேங்காயெண்ணெய் இருப்பதும் அதே நிறக் கலனில்.